கவாத்துக் குச்சியில் இருந்து கரிக்கோல்

கேள்வி: குடும்பமாகத் திராட்சைத் தோட்டம் பார்க்கிறோம். கவாத்து முடிந்ததும் வெட்டிய கொடியைக் குவித்துக் கொளுத்திவிடுவது வழக்கம். அந்தக் கொடியைச் சுட்டால் படம் வரைகிற கரிக்கோல் கிடைக்கும் என்கிறாள் ஓவியம் பழகும் என் மகள். டின்னில் அடைத்து இரண்டு முறை முயன்றோம். ஒரு முறை எல்லாம் சாம்பல். மறுமுறை வெளியே கரி, உள்ளே மரம். எங்கே தவறு?

பதில்: மகள் சொல்வது சரி. ஓவியர்கள் பல நூற்றாண்டுகளாகத் திராட்சைக் கொடிக் கரியால் வரைந்து வருகிறார்கள். இதற்குத் தோதான கொடி உங்கள் கையிலேயே இருக்கிறது. போன பருவத்துக் கொடியில் வெடிக்கும் புதுத் துளிரில்தான் திராட்சை காய்க்கும். அதனால் ஒவ்வொரு கவாத்திலும் அந்தப் பருவ வளர்ச்சியில் பத்துக்கு எட்டு, ஒன்பது பங்கைக் கழிக்கிறோம். கழிபடுவதில் பெரும்பாலானவை ஒரு வயதுக் கொடிகள்: பென்சில் கனம், சீரான உருட்டு, தண்டின் நடுவே மெத்தென்ற சோறு, அதாவது மிருதுவான உள்பகுதி.

கரியாக வேண்டிய குச்சி வேக வேண்டும், எரியக் கூடாது. முதல் முறை உங்கள் டின்னுக்குள் காற்று போயிருக்கிறது. இரண்டாம் முறை சீக்கிரம் இறக்கிவிட்டீர்கள்.

கணுவில் மரம் இறுகி இருக்கும், அந்த இடத்தில் கோடு கீறும். ஆகவே இரண்டு கணுக்களுக்கு நடுவே உள்ள நேரான பகுதியை மட்டும் நறுக்குங்கள். பச்சையாக இருக்கும்போதே பட்டையை உரித்துவிடுங்கள். உலர்ந்தபின் அது நார்நாராக ஒட்டிக்கொள்ளும். பூஞ்சை நோய்க்குத் தெளித்த மயில்துத்தக் (செம்பு உப்பு) கலவையின் படிவு பட்டையில்தான் அதிகம் தங்கும் என்பதும் உரிப்பதற்கு ஒரு காரணம். உரித்த குச்சிகளை நிழலில் சில வாரம் காயவிடுங்கள். ஈரம் இருந்தால் நீராவி குச்சியைப் பிளந்துவிடும்.

அடுத்தது டின். இறுக்கமான மூடி உள்ள இரும்பு டின் வேண்டும். துத்தநாகப் பூச்சு உள்ளது வேண்டாம், அதன் புகை நச்சு. பெயின்ட்டோ உள்பூச்சோ இருந்தால், வெறும் டின்னை ஒரு முறை வெட்டவெளியில் நெருப்பில் போட்டு எரித்து எடுங்கள். குச்சிகளை நெருக்கி நிறுத்தி, இடைவெளியில் உலர்ந்த மணலைக் கொட்டித் தட்டுங்கள். உள்ளே காற்று குறையும், குச்சியும் வளையாது. மூடியில் ஆணியால் ஒரே ஒரு சிறு துளை. இதை மறந்தால் உள்ளே சேரும் வாயு டின்னை வெடிக்க வைக்கும்.

டின்னைச் சுற்றி நெருப்பை மூட்டி, அந்தத் துளையை மட்டும் பாருங்கள். முதலில் வெள்ளை ஆவி வரும், அது ஈரம். பிறகு மஞ்சள் கலந்த, கண்ணைக் கரிக்கும் புகை. அது பற்றிக்கொண்டு துளையின் வாயில் சிறு சுடராக நின்று எரியும். உங்கள் இரண்டாம் டின்னை இந்தக் கட்டத்தில்தான் இறக்கியிருப்பீர்கள். சுடர் தானாக அணைந்து, புகையும் நின்ற பிறகே உள்ளே வேலை முடிந்தது என்று அர்த்தம். டின்னின் அளவைப் பொறுத்து நேரம் மாறும். கடிகாரத்தை விடத் துளையை நம்புங்கள்.

இடுக்கியால் இறக்கி, துளையைக் களிமண்ணால் அடைத்து, ராத்திரி முழுக்க ஆறவிடுங்கள். இதில் அவசரம் கூடவே கூடாது. நான் பழகிய நாட்களில், டின் வெதுவெதுப்பாகத்தானே இருக்கிறது என்று திறந்தேன். கருகருவென்று அழகாக நின்றிருந்த குச்சிகளின் நுனியில் காற்றுப் பட்டதும் சிவப்புப் புள்ளிகள் ஓடின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மேல்பாதி வெண்சாம்பலாகிவிட்டது. வெளித்தகடு ஆறினாலும் நடுவில் சூடு நிற்கும்.

ஆறிய குச்சியை உடைத்துப் பாருங்கள். கணீரென்று முறிந்து, உள்ளும் புறமும் ஒரே கறுப்பாக இருந்தால் பதம் சரி. கோட்டில் பழுப்பு தெரிந்தால் வேகவில்லை, மறுபடி அடைத்துச் சுடலாம். விரல் பட்டதும் பொடிந்தால் அளவுக்கு மீறி வெந்துவிட்டது. அதை அரைத்துக் கறுப்பு வண்ணப்பொடியாக வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். பந்தலில் இருந்து கழற்றிய, மருந்தேற்றிய மரக் கம்பங்களை இந்த நெருப்பில் போடாதீர்கள். சில கம்பங்களில் ஆர்செனிக் இருக்கும், புகையும் சாம்பலும் விஷம்.

கணு நிறைந்த கோணல் கொடிகளும் வீணில்லை. வெட்டிய ஈரத்தோடு வளையமாகச் சுற்றினால் நன்றாக வளையும். காய்ந்துவிட்டால் ஒரு ராத்திரி தண்ணீரில் ஊறப்போடுங்கள். கொடியில் உள்ள பற்றுச் சுருள்களை நறுக்காமல் விட்டால் அதுவே வளையத்துக்கு அலங்காரம். நோய் விழுந்த கொடியை மட்டும் இதற்கு எடுக்காதீர்கள், அது நெருப்புக்கே போகட்டும்.

அப்புறம், மகளுக்கு. கொடிக்கரியின் கோடு மென்மையானது, சாம்பல் சாயல் கொண்டது. துணியால் தட்டினாலே அழியும் என்பதால் முதல் கோட்டுருவத்துக்கு இதைவிட நல்லது எனக்குத் தெரியாது. வழவழத் தாளில் பிடிக்காது, சொரசொரப்பான தாள் வாங்கிக் கொடுங்கள். வரைந்ததை நிலைநிறுத்த ஆடை நீக்கிய பாலை மெல்லிய தூவலாகத் தெளிக்கலாம், பழைய முறைதான். வான் கோ தன் பென்சில் ஓவியங்களுக்குப் பாலைப் பயன்படுத்தியிருக்கிறார். முதலில் ஒரு துண்டுத் தாளில் தெளித்துப் பார்க்கச் சொல்லுங்கள். நெருக்கத்தில் பிடித்தால் துளிகள் கரியை அடித்துக்கொண்டு ஓடிவிடும்.