ஃபைபர் போனாலும் ரவுட்டர் 4ஜிக்கு மாறவில்லையா?

வெள்ளவத்தையில் கணக்காளர் அலுவலகம் வைத்திருக்கும் வாசகர் ஒருவரின் கேள்வி: "மைக்ரோடிக் ரவுட்டரில் ஃபைபர், 4ஜி என்று இரண்டு லைன் போட்டிருக்கிறேன். ஃபைபர் போனால் தானாக 4ஜிக்கு மாறுவதில்லை. பகலில் வீடியோ கோல் வேறு இழுபடுகிறது, கமெராக்களை 4ஜி பக்கம் தள்ளிவிடலாமா?"

முதலில் கமெரா. தள்ள வேண்டாம். 2 எம்பிபிஎஸ் வேகத்தில் இரவும் பகலும் கிளவுட்டுக்கு அனுப்பும் ஒரே ஒரு கமெரா நாளுக்கு 21 ஜீபிக்கு மேல் தின்னும், உங்கள் 4ஜி பெக்கேஜ் எத்தனை நாள் தாங்கும் என்று நீங்களே பாருங்கள். அதுவும் கோலை இழுப்பது கமெராதானா என்பது இன்னும் தெரியாது. இழுபடும் நேரத்தில் வின்பொக்ஸில் (மைக்ரோடிக்கை அமைக்கும் கணினிச் செயலி) டோர்ச் என்ற கருவியைத் திறந்து, உள் நெட்வொர்க் பக்கம் எந்த ஐபி அதிகமாக அனுப்புகிறது என்று பாருங்கள். கமெராதான் என்றால் சிம்பிள் கியூவில் (வேக வரம்பு வைக்கும் இடம்) அதன் அப்லோடைக் கட்டுப்படுத்தினால் போதும். டேட்டாவைக் கியூவுக்குள் விடாமல் குறுக்குவழியில் அனுப்பும் ஃபாஸ்ட்டிராக் விதியை நிறுத்திவிட்டுச் செய்யுங்கள், இல்லாவிட்டால் கியூ வேலையே செய்யாது.

சரி, லைன் மாறாத விஷயம். ரவுட்டருக்குத் தெரிவது பக்கத்தில் இருக்கும் ஃபைபர் பெட்டி மட்டும்தான். வீதியில் கேபிள் அறுந்தாலும் அந்தப் பெட்டி பிங்குக்கு ("இருக்கிறாயா" என்று கேட்கும் சிறு செய்தி) பதில் சொல்லிக்கொண்டே இருக்கும், ரவுட்டரும் லைன் நன்றாக இருக்கிறது என்றே நம்பும். அதனால் வெளியே உள்ள ஒரு முகவரியைப் பார்க்க வைக்க வேண்டும். கூகுளின் டிஎன்எஸ் (இணையப் பெயரை ஐபியாக மாற்றும் சேவை) முகவரியான 8.8.8.8க்கு மட்டும் ஃபைபர் பெட்டி வழியாக ஒரு ரூட் (எந்த வழியில் போவது என்ற விதி) எழுதுங்கள், ஸ்கோப் 10. அப்புறம் 0.0.0.0/0க்கு (எல்லா இணைய முகவரிகளுக்கும்) கேட்வேயாக, அதாவது வெளியேறும் வாசலாக, அதே 8.8.8.8ஐக் கொடுத்து டார்கெட் ஸ்கோப் 11, டிஸ்டன்ஸ் 1, செக் கேட்வே பிங் என்று வையுங்கள். 4ஜி பெட்டிக்கு இன்னொரு 0.0.0.0/0, டிஸ்டன்ஸ் 2 (சிறிய எண்ணுக்கே முன்னுரிமை). 10 செக்கனுக்கு ஒரு பிங் போகும், தொடர்ந்து இரண்டு தவறினால் 4ஜிக்கு மாறிவிடும்.

பலர் தடுக்கி விழும் இடம் வேறு. டிஎச்சிபி கிளையன்ட் (பெட்டியிடமிருந்து ஐபி வாங்கும் பகுதி) தானாகச் சேர்க்கும் டிஃபோல்ட் ரூட்டை இரண்டு லைனிலும் நிறுத்த வேண்டும், 4ஜி போர்ட்டை வான் (WAN, இணையப் பக்கப் போர்ட்டுகள்) பட்டியலில் சேர்க்க வேண்டும், இரண்டு பெட்டியும் 192.168.1.1 என்றிருந்தால் ஒன்றை மாற்ற வேண்டும். இனி 8.8.8.8 ஃபைபரில் மட்டும்தான் போகும் என்பதால் அதை டிஎன்எஸ் ஆக வைக்காதீர்கள். கமெரா ஐபிகள் 4ஜி வழியாக வெளியேறுவதை ஃபயர்வோலில் ஃபோர்வர்ட் விதிகளின் உச்சியிலேயே தடுத்துவிடுங்கள், இல்லையென்றால் ஃபைபர் போன அன்றே டேட்டா முடிந்துவிடும்.

சோதிக்கும்போது ரவுட்டருக்கு வரும் வயரைக் கழற்றாமல், பெட்டிக்குள் போகும் ஃபைபரைக் கழற்றுங்கள். அரை நிமிடம் பொறுத்து 1.1.1.1 என்ற வெளி முகவரிக்கு ட்ரேஸ்ரூட் (டேட்டா போகும் வழியைக் காட்டும் கட்டளை) போட்டால், ரவுட்டருக்கு அடுத்ததாக 4ஜி பெட்டியின் ஐபி வர வேண்டும்.