கால் ரத்தக்குழாய் அடைப்புக்கு யாரைப் பார்ப்பது?

கேள்வி: சிறிது தூரம் நடந்தாலே கெண்டைக்கால் இறுகி வலிக்கிறது, நின்றால் சில நிமிடங்களில் போய்விடுகிறது. இதய டாக்டரிடம் போவதா, ரத்தக்குழாய் சர்ஜனிடமா?

பதில்: கால் தமனி அடைப்பின் அடையாளம் இது. முதலில் பொது மருத்துவரிடமே கணுக்கால் பிரஷரைக் கை பிரஷரால் வகுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். விடை 0.9 அல்லது அதற்குக் கீழே என்றால் அடைப்பு உண்டு. நீண்டகாலச் சர்க்கரை நோயாளிக்குத் தமனிச் சுவரில் கால்சியம் படிந்து, பிரஷர் பார்க்கும் பட்டையால் அழுத்தினாலும் குழாய் மடங்காது, விடை 1.4-ஐத் தாண்டிப் பொய் சொல்லும். அப்போது கால்விரல் பிரஷர்தான் நம்பகமானது.

அடுத்து ரத்தக்குழாய் சர்ஜன். மாத்திரை, பலூன் (அடைப்பை உள்ளிருந்து விரிப்பது), பைபாஸ் (அடைப்பைத் தாண்டி மாற்றுப் பாதை போடுவது) மூன்றும் அவர் கையில் இருப்பதால் எதையும் அவசரமாகத் திணிக்க மாட்டார். இன்டர்வென்ஷனல் ரேடியாலஜிஸ்ட் தொடையில் ஊசித்துளை போட்டு, எக்ஸ்ரே பார்த்தபடி பலூனால் விரிப்பார் அல்லது ஸ்டென்ட் என்ற சிறு வலைக்குழாய் வைப்பார். நீண்ட அடைப்புக்குப் பல நேரம் பைபாஸே நீடிக்கும். சில இதய டாக்டர்களும் கால் பலூன் செய்கிறார்கள். எப்படியும் இதயத்தைச் சோதித்துக்கொள்ளுங்கள்; காலில் அடைப்பு இருந்தால் அங்கும் இருக்கலாம்.

புண்ணோ ஓய்விலும் வலியோ இல்லையென்றால், முதல் சிகிச்சை நடைதான்: வலி ஓரளவு ஏறும்வரை நடந்து, நின்று, மறுபடி நடப்பது, வாரம் 3 முறை, 30 முதல் 45 நிமிடம், 12 வாரம். சிகரெட்டை விடாமல் எதுவும் நிலைக்காது.

நரம்புச் சுருட்டல் என்று நினைத்து இறுக்கமான காலுறை போட்டுவிடாதீர்கள், இருக்கும் ரத்த ஓட்டமும் குறையும். கால் திடீரென வெளுத்துச் சில்லிட்டு மரத்துப்போனால் நேரே அவசரப் பிரிவுக்குப் போங்கள். 6 மணி நேரத்துக்குள் ரத்தம் திரும்ப வேண்டும்.