வகுப்பைப் பார்த்தாயிற்று, அப்புறம்?

வணக்கம் சார்,

எங்கள் தலைமை ஆசிரியர் சென்ற வாரம் என் கணக்குப் பாடத்தைப் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் கூப்பிட்டு, பாடம் எப்படிப் போனது, நீங்களே சொல்லுங்கள் என்றார். நன்றாகத்தான் போனது என்றேன். "பிள்ளைகளை இன்னும் பங்கேற்க வையுங்கள்" என்று சொல்லிப் படிவத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். இந்தப் பேச்சால் யாருக்கு என்ன பயன்?

ஒரு கணித ஆசிரியை

அன்புள்ள ஆசிரியைக்கு,

இப்படி நடந்தால் யாருக்கும் பயன் இல்லை. மேசைமேல் மதிப்பீட்டுப் படிவத்தை வைத்துக்கொண்டு மனம் திறந்து பேசச் சொன்னால் யாரும் "நன்றாகத்தான் போனது" என்றுதான் சொல்வார்கள். மதிப்பிடுவதை ஒரு நாளும் பேசுவதை இன்னொரு நாளும் வைத்துக்கொள்ளலாம், தலைமை ஆசிரியர்கள் இதையாவது செய்ய வேண்டும்.

"பங்கேற்க வையுங்கள்" என்பது தீர்ப்பு. அதை வைத்துக்கொண்டு நாளைக்கு வகுப்பில் என்ன செய்வீர்கள்? பின்வரிசையில் உட்கார்ந்தவர் நடந்ததை நடந்தபடி எழுதியிருக்க வேண்டும்: 10:14க்கு, மூன்றில் ஒரு பங்கு பெரிதா நான்கில் ஒரு பங்கு பெரிதா என்று கேட்டீர்கள், யாரும் வாய் திறக்குமுன் நீங்களே பதிலைச் சொல்லிவிட்டீர்கள், அடுத்த மூன்று கேள்விகளுக்கும் ஜன்னலோரத்துப் பெண் ஒருத்தியே பதில் சொன்னாள். இப்படி நாலு வரி முன்னால் இருந்தால் அவர் அறிவுரையே சொல்ல வேண்டாம், நீங்களே பேச ஆரம்பித்துவிடுவீர்கள். கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள் என்பதை மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் வகுப்பறை ஒலிப்பதிவுகளிலிருந்து கண்டுபிடித்தார், அதை மூன்று விநாடியாக்கினாலே பிள்ளைகளின் பதில்கள் நீள்கின்றன, வழக்கமாகப் பேசாதவர்களும் பேசுகிறார்கள். தலைமை ஆசிரியரின் அறைக்கும் இது பொருந்தும். உங்களிடம் கேட்டுவிட்டு அவரும் கொஞ்சம் காத்திருந்திருக்கலாம்.

இதெல்லாம் புதிதும் அல்ல. வகுப்பைப் பார்த்து ஆசிரியரோடு பேசுவதற்கென்று மோரிஸ் கோகன், ராபர்ட் கோல்ட்ஹாமர் என்ற கல்வியாளர்கள் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் வளர்த்தெடுத்த முறையை, கோல்ட்ஹாமர் 1969இல் ஐந்து கட்டங்களாக வகுத்தார். வகுப்புக்கு முன்பே இருவரும் உட்கார்ந்து எதைப் பார்ப்பது என்று பேசிக்கொள்வது முதல் கட்டம், பிறகு பார்ப்பது, குறிப்புகளை அலசுவது, ஆசிரியரோடு பேசுவது. ஐந்தாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது: பார்த்தவர், தான் அந்தப் பேச்சை நடத்திய விதத்தைத் தானே அலசிப் பார்ப்பது! பல பள்ளிகளில் இரண்டாவதைச் செய்துவிட்டு நேரே கையெழுத்துக்கு வந்துவிடுகிறார்கள்.

சரி, நீங்கள் என்ன செய்யலாம்? அடுத்த முறை அவர் வருவதற்கு முன்பே போய், "சார், கேள்வி கேட்டபிறகு எவ்வளவு நேரம் விடுகிறேன், யார் யார் பதில் சொல்கிறார்கள், இது இரண்டை மட்டும் குறித்துத் தாருங்கள்" என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்வாரோ என்று தயங்க வேண்டாம், எதைப் பார்ப்பதென்று தெரியாமல் உட்கார்ந்திருப்பது அவருக்கும் கஷ்டம்தான். அவருக்கு நேரமில்லை என்றால் பக்கத்து வகுப்பு ஆசிரியையைக் கூப்பிடுங்கள், அவர் நிரப்ப வேண்டிய படிவம் எதுவும் இல்லை.