பி.ஃபார்ம் முடித்துவிட்டு மூலிகை மருந்து ஆராய்ச்சியில் முதுநிலை படிக்கலாமா?

பி.ஃபார்ம் கடைசி ஆண்டில் இருக்கிறீர்கள், பார்மகாக்னசியில் (செடிகொடிகளிலிருந்து கிடைக்கும் மருந்துப் பொருட்களை ஆராயும் துறை) எம்.ஃபார்ம் சேர ஆசை, வீட்டில் "நாட்டு மருந்துக் கடை வைக்கவா இவ்வளவு படிப்பு?" என்கிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது எங்கள் வீட்டிலும் இதே பேச்சுதான். இப்போது மூலிகைச் சாறு தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் தரக்கட்டுப்பாட்டைப் பார்க்கிறேன். என்னைக் கேட்டால், சேருங்கள்.

ஆனால் ஒன்று. எந்த நோய்க்கு எந்த மூலிகை என்று கற்றுக்கொள்ளச் சேர்வதாக இருந்தால் ஏமாந்துபோவீர்கள். அதற்குச் சித்த மருத்துவப் படிப்பு இருக்கிறது. இங்கே கேள்வியே வேறு. கையில் இருப்பது சொன்ன செடிதானா, அதில் என்ன வேதிப்பொருள் இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது, அதை எப்படிப் பிரித்தெடுப்பது? இரண்டு வருடமும் இதிலேயே போகும்.

என் ஆய்வு கீழாநெல்லியில். கடையில் காய்ந்த செடி ஒரு மூட்டை வாங்கி, பொடித்து, ஹெக்ஸேன் என்ற கரைப்பானில் சாறு இறக்கி, அதிலுள்ள பொருட்களைத் தனித்தனியாகப் பிரிக்க, சிலிக்கா ஜெல் நிரப்பிய குழாயில் ஏற்றினேன். எதிர்பார்த்தது ஃபில்லாந்தின் என்ற கீழாநெல்லியின் வேதிப்பொருள். பொருட்களைப் புள்ளிகளாகப் பிரித்துக் காட்டும் டி.எல்.சி. தகட்டில், ஒப்பிடுவதற்கு வைத்த சுத்தமான ஃபில்லாந்தினின் புள்ளி பளிச்சென்று தெரியும். பக்கத்தில் என்னுடைய சாற்றின் புள்ளி இருக்கிறதா இல்லையா என்றே சந்தேகம். கரைப்பான் விகிதத்தை மாற்றினேன், சிலிக்காவை மாற்றினேன். மூன்று மாதம் போயிற்று. கடைசியில் வழிகாட்டி ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "செடியைத் தாவரவியல்காரரிடம் காட்டினாயா?" காட்டியிருக்கவில்லை. மிச்சம் இருந்த கட்டைப் பிரித்துப் பார்த்தவர், பாதிக்கு மேல் கீழாநெல்லியே இல்லை என்றார். அதே ஃபில்லாந்தஸ் பேரினத்தைச் சேர்ந்த வேறு செடிகள். மேலாநெல்லி இருந்தது. காம்பில்லாமல் சொரசொரப்பான காய் கொண்ட ஃபில்லாந்தஸ் யூரினேரியா என்ற இனமும் இருந்தது. அன்று அழுதேன். அதன்பின் செடியை நானே பறித்து, ஒரு மாதிரியை அழுத்திக் காயவைத்து ஹெர்பேரியம் தாளில் (செடி மாதிரிகளைப் பாதுகாக்கும் தாள்) ஒட்டி, அடையாளச் சான்று கைக்கு வந்த பிறகே அரைக்கத் தொடங்கினேன். இந்தச் சான்றுக்காகக் கோவையில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தின் தென்மண்டல நிலையத்துக்கு நீங்களும் ஒருமுறையாவது போக வேண்டியிருக்கும்.

இது ஏதோ மாணவருக்கு மட்டும் வரும் சிக்கல் என்று நினைக்காதீர்கள். 1988இல் சென்னையிலிருந்து தியாகராஜன் குழுவினர் கல்லீரலைத் தாக்கும் ஹெபடைடிஸ் பி கிருமியைச் சுமப்பவர்களுக்குக் கீழாநெல்லிப் பொடியை 30 நாள் கொடுத்து, 'லான்செட்' மருத்துவ இதழில் முடிவை வெளியிட்டார்கள். பொடி சாப்பிட்டவர்களில் 59 சதவீதம் பேரின் ரத்தத்தில் கிருமியின் மேற்பரப்புப் புரதம் மறைந்திருந்தது. வெற்று மருந்து எடுத்தவர்களில் 4 சதவீதம்தான். உலகமே திரும்பிப் பார்த்தது. ஆனால் பிறகு வேறு இடங்களில் நடந்த சோதனைகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. செடி வளர்ந்த இடமா, இனமா, பறித்த பருவமா, அல்லது முதல் சோதனையே சிறியது என்பதா? மஞ்சள் காமாலை வந்தால் கீழாநெல்லியை அரைத்துக் கொடுத்த பாட்டிகள் வீட்டுக்கு வீடு உண்டு நம்மிடம். இந்தக் கேள்விக்குப் பதில் தேட வேண்டிய கடமை நம் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் அதிகம் என்று நான் உண்மையாகவே நம்புகிறேன்.

சீன விஞ்ஞானி தூ யூயூ இதை எப்படிச் செய்தார் என்று பாருங்கள். சுமார் 1,600 வருடங்களுக்கு முந்தைய மருத்துவ நூலில், காய்ச்சலுக்குச் சிங்ஹாவ் என்ற செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடிக்கச் சொல்லியிருந்தது. கொதிக்கவைக்கச் சொல்லவில்லை. சூடு மருந்தைக் கெடுக்கிறதோ என்று யோசித்து, குறைந்த வெப்பத்தில் ஈதரால் சாறு எடுத்தார். அதிலிருந்து வந்ததுதான் மலேரியாவுக்கான ஆர்டெமிசினின். 2015இல் நோபல் பரிசு.

சரி, எங்கே படிப்பது? இயற்கைப் பொருட்களுக்கென்றே தனித் துறை வேண்டுமானால் மொகாலியில் உள்ள நைப்பர் என்ற மத்திய அரசின் மருந்தியல் கல்வி நிறுவனம். அதற்குத் தனி நுழைவுத் தேர்வு உண்டு. எம்.ஃபார்ம் சேர்வதற்கான தேசிய நுழைவுத் தேர்வான ஜிபேட்டையும் எழுதிவிடுங்கள், தேறினால் உதவித்தொகை கிடைக்கும், எனக்கு மாதம் 12,400 ரூபாய் வந்தது. தமிழ்நாட்டில் எந்தக் கல்லூரி என்றாலும், சேரும் முன் ஒரு நடை போய், எச்.பி.டி.எல்.சி. கருவி (டி.எல்.சி.யைத் துல்லியமாகச் செய்து அளவும் சொல்வது) ஓடுகிறதா, உறையைப் போட்டு மூடி வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். முனைவர் பட்டம் வரை போகும் எண்ணம் இருந்தால் மூலிகை ஆராய்ச்சி நடக்கும் லக்னோ சிமாப், ஜம்மு ட்ரிபிள் ஐ.எம். போன்ற மத்திய அரசின் சி.எஸ்.ஐ.ஆர். ஆய்வகங்கள் இருக்கின்றன.

வேலை பற்றி ஒளிக்காமல் சொல்கிறேன். ஆரம்பச் சம்பளம் எனக்கு மற்றத் துறை நண்பர்களைவிடக் குறைவு. ஆனால் வேலை இருக்கிறது. திருநெல்வேலி, தூத்துக்குடிப் பக்கத்து நிலாவாரை இலை மலமிளக்கி மருந்துக்காக வெளிநாடு போகிறது. அதில் மலத்தை இளக்கும் பொருளான சென்னோசைடு எவ்வளவு என்று யாராவது அளந்தாக வேண்டும். மூலனூர், ஒட்டன்சத்திரம் பக்கம் விளையும் கண்வலிக்கிழங்குச் செடியின் விதையிலிருந்துதான், யூரிக் அமிலம் கூடுவதால் வரும் 'கௌட்' மூட்டுவலிக்குத் தரும் கோல்ச்சிசின் எடுக்கிறார்கள்.

முடிவெடுக்கும் முன் ஒரு காரியம் செய்யுங்கள். பக்கத்து நாட்டு மருந்துக் கடையில் பொடிக்காத கீழாநெல்லி நூறு கிராம் வாங்கி, வெள்ளைத் தாளில் பரப்பி, ஒரு லென்ஸை வைத்துக் காய்களை மட்டும் பிரித்துப் பாருங்கள். காம்புள்ளது ஒரு பக்கம், இல்லாதது ஒரு பக்கம். இரண்டு மணி நேரம் போனது தெரியாமல் உட்கார்ந்திருந்தீர்கள் என்றால் அதை வீட்டில் சொல்லுங்கள்.