ஆன்சரிங் மெஷினில் பிஸி டோன் பதிவாவது ஏன்?

கும்பகோணத்து வாசகர் ஒருவர் எழுதுகிறார்: “அமெரிக்காவிலிருந்து தம்பி கொண்டுவந்த ஆன்சரிங் மெஷினை லேண்ட்லைனில் பொருத்தியிருக்கிறோம். பேசியவர் போனை வைத்த பிறகும் ‘பீப் பீப்’ என்ற ஓசை நீளமாகப் பதிவாகி மெமரி நிறைந்துவிடுகிறது. சிலர் பேசுவதோ பாதியில் அறுந்துபோகிறது. மெஷின் பழுதா?”

பெரும்பாலும் பழுதாக இருக்காது. மறுமுனையில் போனை வைத்துவிட்டார்களா என்பதை லைனில் வரும் அடையாளத்தைக் கொண்டுதான் மெஷின் அறிகிறது. அமெரிக்க எக்ஸ்சேஞ்சுகள் பலவும், மறுமுனையில் போனை வைத்ததும் லைனின் மின்னோட்டத்தை ஒரு நொடிக்கும் குறைவாக நிறுத்திக் காட்டும். அந்த அடையாளம் வராத இடத்தில் பிஸி டோனைக் கேட்டுத்தான் பதிவை நிறுத்த வேண்டும். ஆனால் அமெரிக்காவில் பிஸி டோன் என்பது 480, 620 ஹெர்ட்ஸ் ஒலிகள் இரண்டும் சேர்ந்து அரை நொடி ஒலித்து அரை நொடி ஓய்வது. இந்தியாவிலோ 400 ஹெர்ட்ஸ் ஒலி முக்கால் நொடி ஒலித்து முக்கால் நொடி ஓய்கிறது. ஆகவே உங்கள் மெஷின் அதைப் பேச்சின் தொடர்ச்சியாகவே எண்ணிப் பதிவு செய்துகொண்டிருக்கிறது. ஒரு செய்திக்கான பதிவு நேரத்தை ஒரு நிமிடமாகக் குறைத்தால் மெமரி அவ்வளவு விரைவில் நிறையாது. நிரந்தரத் தீர்வு, இந்திய லைனுக்கென்று தயாரான மெஷின்தான்.

பேச்சு அறுந்துபோவது வேறு சிக்கல். செல்போனிலிருந்து வீட்டு எண்ணுக்கு அழைத்து, முதலில் இடைவிடாமல் பேசிப் பாருங்கள். அடுத்த முறை நடுவில் சில நொடிகள் மௌனமாக இருந்துவிட்டுத் தொடருங்கள். முதலாவது முழுமையாகப் பதிவாகி இரண்டாவது மட்டும் அறுந்தால், குரல் கேட்கும்வரை மட்டுமே பதிவு செய்யும் செட்டிங் போடப்பட்டிருக்கிறது என்று பொருள். நிதானமாகவோ மெல்லிய குரலிலோ பேசும் பெரியவர்களின் செய்திகளையே அது அதிகம் வெட்டும் என்பதால், அதை மாற்றிவிடுவது அவசியம். வீட்டில் இன்னொரு ரிசீவரை யாரேனும் எடுத்தாலும், கால் வெயிட்டிங் வந்தாலும் சில மாடல்களில் பதிவு நின்றுவிடும்.

அடாப்டரில் 100–240 வோல்ட் என அச்சிட்டிருக்கிறதா என்று அவசியம் பாருங்கள். 120 வோல்ட் மட்டும் என்றிருந்தால் நம் 230 வோல்ட் மின்சாரத்தில் நேரடியாகச் செருகவே கூடாது.

உங்களுடையது ஃபைபர் இணைப்பானால், லைனின் மின்னோட்டத்தைத் தருவது வீட்டிலுள்ள மோடம்தான். மறுமுனையில் போனை வைத்ததும் மின்னோட்டத்தை நிறுத்தும் வசதி அதில் இருக்கிறதா என்று டெக்னீஷியனிடம் கேளுங்கள். இருந்தால் புது மெஷின் வாங்க வேண்டிய தேவையே வராமல் போகலாம்.