பாய்லர் பிரஷர் அடிக்கடி இறங்குதா? தண்ணி ஏத்துறதோட விட்றாதீங்க

நீங்க கேட்டது இதுதான்: ரேடியேட்டர் (பாய்லர்ல சூடான தண்ணி ஓடி அறையை சூடாக்கற பலகை) இருக்கற வீடு, பாய்லர்ல பிரஷர் காட்டற முள்ளு 0.5 பாருக்கு (பார்ங்கறது பிரஷர் அளவு) கீழ வந்து நின்னுடுது, தண்ணி ஏத்தினா ஓடுது, நாலு நாள்ல மறுபடி இறங்கிடுது, இது ஆபத்தா, புது பாய்லர் வாங்கணுமா?

முதல்ல பயத்தை விடுங்க. பிரஷர் குறைஞ்சா பாய்லர் வெடிக்காது, தண்ணி பத்தலன்னு தானா ஆஃப் ஆயிடும், அவ்ளோதான். ஆனா வாராவாரம் தண்ணி ஏத்திட்டே இருக்கீங்க பாருங்க, அதுதான் எனக்கு கவலையா இருக்கு. ஒரு குளிர்காலம் முழுக்க நானும் அப்படித்தான் ஓட்டினேன், யாராவது அப்பவே சொல்லியிருக்கலாமேன்னு இப்பவும் தோணும், அதான் இவ்ளோ நீளமா எழுதறேன்.

இந்த பிரஷரும் குழாய்ல தண்ணி வேகமா வர்றதும் வேற வேற. பாய்லர், ரேடியேட்டர், நடுவுல போற பைப் எல்லாம் சேர்ந்து மூடின ஒரு வட்டம், அதுக்குள்ள அதே தண்ணிதான் வருஷக்கணக்கா சுத்திட்டு இருக்கும். அது குறையுதுன்னா எங்கயோ வெளிய போகுதுன்னு அர்த்தம். (ரேடியேட்டர்ல காத்து எடுத்து விட்டதுக்கு அப்புறம் கொஞ்சம் இறங்கறது சகஜம், வருஷத்துக்கு ஒண்ணு ரெண்டு தடவை ஏத்தறதும் தப்பில்ல.)

ஏத்தறது கஷ்டமில்ல. பாய்லரை ஆஃப் பண்ணி நல்லா ஆற விடுங்க. பெரும்பாலும் பாய்லருக்கு கீழ வெள்ளிக் கம்பி பின்னின மாதிரி ஒரு சின்ன ஹோஸ் இருக்கும், சில மாடல்ல அதுக்கு பதிலா ஒரு லீவரோ சாவியோ இருக்கும், மேனுவல்ல படம் போட்டிருப்பாங்க. வால்வை மெதுவா திறந்து முள்ளு 1க்கும் 1.5க்கும் நடுவுல வந்ததும் மூடிடுங்க, ரெண்டு முனையிலயும் வால்வ் இருந்தா ரெண்டையும் மூடணும், இத மறந்தா பிரஷர் ஏறிட்டே போய் 3 பார்ல சேஃப்டி வால்வ் திறந்துக்கும்.

சரி, தண்ணி எங்க போகுது? நான் முதல்ல டிஷ்யூ பேப்பர் எடுத்துட்டு ஒவ்வொரு ரேடியேட்டர் வால்வுக்கு கீழயும் ஒத்தி ஒத்திப் பாத்தேன். ஒரு இடத்துல பச்சையும் வெள்ளையுமா உப்பு பூத்த மாதிரி இருந்துச்சு, லேசா கசிஞ்சு கசிஞ்சு காஞ்ச தடம் அது, அத டைட் பண்ணியும் பிரஷர் நிக்கல. அப்புறம்தான் காலைல ஒரு தடவை, ஹீட்டிங் போட்டு அரைமணி கழிச்சு ஒரு தடவைன்னு முள்ளை போட்டோ எடுக்க ஆரம்பிச்சேன். ஆறி இருக்கும்போது 1.2, சூடானதும் விறுவிறுன்னு 3, மறுநாள் காலைல கிட்டத்தட்ட ஜீரோ. நல்லா இருக்கற பாய்லர் சூட்டுல 2 பக்கம் வரும், 3 தொடக்கூடாது.

காரணம் எக்ஸ்பான்ஷன் வெசல். தண்ணி சூடானா விரியும், 100 லிட்டர் தண்ணி 20 டிகிரியிலேருந்து 80 டிகிரிக்கு போனா ரெண்டரை லிட்டருக்கு மேல கூடும். அந்த எக்ஸ்ட்ரா தண்ணிக்கு இடம் கொடுக்கத்தான் இந்த டப்பா, உள்ள ஒரு ரப்பர் தடுப்பு, ஒரு பக்கம் தண்ணி, இன்னொரு பக்கம் காத்து. அந்த காத்து இறங்கிட்டா விரியற தண்ணிக்கு போக்கிடம் இல்ல, பிரஷர் 3க்கு ஏறி, சேஃப்டி வால்வ் திறந்து, வெளிச்சுவர்ல நீட்டிட்டு இருக்கற செம்பு பைப் வழியா தண்ணி போயிடும், ஆறினதும் முள்ளு கீழ வந்துடும். அந்த பைப் நுனியில ஒரு பிளாஸ்டிக் பையை லூஸா கட்டி ஒரு நாள் விட்டுப் பாருங்க, பையில தண்ணி இருந்தா விஷயம் புரிஞ்சிடும்.

பை காஞ்சே இருந்தா, பாய்லரை ஆஃப் பண்ணி ஆறினப்புறம், ரேடியேட்டருக்கு போற, திரும்பி வர்ற ரெண்டு பைப் வால்வையும் ராத்திரி மூடி வைங்க. காலைல முள்ளு இறங்கியிருந்தா கசிவு பாய்லருக்குள்ள, அப்படியே நின்னா வீட்டு பைப்ல, தரைக்கு அடியிலகூட இருக்கலாம். வால்வைத் திறந்துட்டுதான் பாய்லரை திரும்ப ஆன் பண்ணணும்.

இதுக்கு மேல நீங்க போகாதீங்க. கேஸ் பாய்லர் மூடியை கழட்டறது நம்ம வேலை இல்ல, கார்பன் மோனாக்சைடு கசிஞ்சா வாசனைகூட வராது, லைசென்ஸ் இருக்கற டெக்னீஷியன்தான் தொடணும்.

ஏன் சும்மா ஏத்திட்டே இருக்கக்கூடாதுன்னா, புதுத் தண்ணியோட ஆக்ஸிஜனும் உள்ள வருது, ரேடியேட்டர் இரும்பு உள்ளுக்குள்ளயே துரு பிடிச்சு கருப்பு சேறா சேருது, துரு பிடிக்காம இருக்க ஊத்தின மருந்தும் நீர்த்துப் போகுது. உப்புத் தண்ணியா இருந்தா, தண்ணியை சூடாக்கற பாகமான ஹீட் எக்ஸ்சேஞ்சர்ல அந்த உப்பு வேற படியும்.

என் வீட்டுக்கு வந்த டெக்னீஷியன் தண்ணியை வடிச்சிட்டு, வெசல்ல டயர்ல இருக்கற மாதிரியே ஒரு வால்வ், அத அமுக்கிப் பாத்தார், காத்துக்கு பதிலா தண்ணி வந்துச்சு. ரப்பர் கிழிஞ்சிருக்கு, காத்து அடிச்சு பிரயோஜனம் இல்லன்னு வெசலை மாத்தினார், அடிக்கடி திறந்த சேஃப்டி வால்வ் சரியா மூடாம சொட்டும்னு அதையும் சேத்து மாத்தினார். அதுக்கப்புறம் முள்ளு 1.3லயே நிக்குது. அதனால புது பாய்லர் பத்தி இப்பவே யோசிக்காதீங்க. ஹீட் எக்ஸ்சேஞ்சரே ஓட்டையாகி பாய்லரும் பழசா இருந்தா மட்டும் அந்தப் பேச்சு. ஒரு வாரம் காலைலயும் சூட்டுலயும் முள்ளை போட்டோ எடுத்து வச்சு வர்றவர்கிட்ட காட்டுங்க, எங்க தேடணும்னு அவருக்கு உடனே தெரிஞ்சிடும்.