ப்ரொமோட்டரில் அந்த 17 எழுத்து: கேள்வி பதில்

ஈ.கோலை என்ற பாக்டீரியாவுக்குச் செயற்கை ப்ரொமோட்டர் (ஒரு ஜீனை எங்கிருந்து, எவ்வளவு படியெடுப்பது என்று சொல்லும் டிஎன்ஏ துண்டு) வடிவமைத்து, ஒட்டி, அளப்பதுதான் என் அன்றாட வேலை. வந்த கேள்விகளில் பலருக்கும் பயன்படக்கூடியவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

கேள்வி: அக்கா, படியெடுப்பு தொடங்கும் இடத்துக்குச் சுமார் 35 எழுத்து முன்னால், அதாவது −35 இடத்தில் டிடிஜிஏசிஏ (TTGACA), சுமார் 10 எழுத்து முன்னால், அதாவது −10 இடத்தில் டிஏடிஏஏடி (TATAAT). இரண்டையும் பிசகாமல் வைத்தேன். ஆனாலும் பச்சையாக ஒளிரும் புரதமான ஜிஎஃப்பி ஒளிரவே இல்லை. வரிசையை அனுப்பியிருக்கிறேன், பாருங்கள்.

பதில்: எண்ணிப் பார்த்தேன் தம்பி. இரண்டுக்கும் நடுவே 20 எழுத்து விட்டிருக்கிறாய். 17 வேண்டும், 16, 18 என்றாலும் ஓரளவு ஓடும். ஜீனை ஆர்என்ஏவாகப் படியெடுக்கும் ஆர்என்ஏ பாலிமரேஸோடு வரும் சிக்மா-70 புரதம் ஒரு கையால் −35ஐயும் மறு கையால் −10ஐயும் பிடிக்கிறது. டிஎன்ஏ முறுக்கிக்கொண்டு போவது, சுமார் பத்தரை எழுத்துக்கு ஒரு சுற்று. மூன்று எழுத்து கூடினால் தூரம் நீள்வதோடு −10 பெட்டி (அந்த ஆறெழுத்துத் தொகுதி) ஏறக்குறைய 100 டிகிரி வேறு பக்கம் திரும்பிவிடும். அப்புறம் அந்தக் கைக்கு எட்டாது. 1983இல் வெளிவந்த டேக் ப்ரொமோட்டரைப் பார்: டிரிப் ப்ரொமோட்டரின் −35, லாக்-யுவி5 ப்ரொமோட்டரின் −10, நடுவே 16 எழுத்து. அதில் ஒரே ஓர் எழுத்து கூட்டி 17 ஆக்கியதுதான் டிஆர்சி ப்ரொமோட்டர்.

கேள்வி: மேடம், ஆண்டர்சன் தொகுப்பில் (வெவ்வேறு வலிமையுள்ள ப்ரொமோட்டர்களின் தொகுப்பு) வலுவானது ஜே23119தானே? எல்லா ஜீனுக்கும் அதையே போட்டுவிடலாமா?

பதில்: வேண்டாம்மா. கைடு ஆர்என்ஏவுக்கு (கிரிஸ்பர் என்சைமுக்கு வெட்டும் இடத்தைக் காட்டும் ஆர்என்ஏ) அது அருமை. புரதத்துக்கு, அதுவும் நகல் எண்ணிக்கை அதிகமுள்ள பிளாஸ்மிடில் (செல்லுக்குள் தனியே பெருகும் டிஎன்ஏ வளையம்), யோசித்துத்தான் போட வேண்டும். ஒரு சவ்வுப் புரதத்துக்கு நான் அதைப் போட்டேன். மறுநாள் தட்டில் ஊசிமுனை அளவுக்குச் சின்னச் சின்னக் காலனிகள், நடுநடுவே கொழுகொழுவென்று நாலைந்து. நான் கொழுத்தவற்றை எடுத்து வளர்த்தேன். சீக்வென்சிங் (டிஎன்ஏ எழுத்து வரிசை வாசிப்பு) வந்தபோது, எடுத்த எல்லாவற்றிலும் −10 பெட்டியில் ஓர் 'ஏ' காணோம். அந்தப் புரதச் சுமையைத் தாங்க முடியாத செல்கள் வளராமல் நிற்க, ப்ரொமோட்டர் கெட்டுப்போனவை மட்டும் செழித்திருக்கின்றன. நான் ஒதுக்கிய ஊசிமுனைகள்தான் சரியானவை. இரண்டு வாரம் போனது. அதற்குப் பிறகு ஜே23106, ஜே23114 என்று கீழிருந்துதான் தொடங்குகிறேன். ஜே23100ஐ 1 என்று வைத்தால் முதலாவது ஏறத்தாழ பாதி, இரண்டாவது பத்தில் ஒரு பங்கு.

கேள்வி: ப்ரொமோட்டர் 35 எழுத்துத் துண்டுதானே, இதற்கும் பிசிஆர் போட வேண்டுமா?

பதில்: தேவையில்லை. ஒன்றுக்கொன்று பொருந்தும் இரண்டு ஆலிகோ (ஆர்டர் செய்து வாங்கும் குட்டி ஒற்றை இழை டிஎன்ஏ) வாங்குங்கள். வெட்டிய பிளாஸ்மிடின் முனைக்குப் பொருந்தும் நான்கு எழுத்து, ஒவ்வொன்றின் 5' முனையிலும் நீட்டிக்கொண்டிருக்கட்டும். இரண்டையும் சம அளவில் கலந்து, 95 டிகிரியில் ஐந்து நிமிடம் வைத்து, ஹீட் பிளாக்கை அணைத்துவிட்டு அதிலேயே ஆற விடுங்கள். ஐஸில் தூக்கிப் போடாதீர்கள். வெறும் தண்ணீரிலும் கலக்காதீர்கள்: உப்பு இல்லாமல் இழைகள் சேராது, 50 மில்லிமோலார் சோடியம் குளோரைடு போதும். ஒட்டுவதற்கு முன் நன்றாக நீர்க்கச் செய்யுங்கள். இவ்வளவு சின்னத் துண்டில் ஒரு சொட்டிலேயே மூலக்கூறுகள் ஏராளம்.

பிளாஸ்மிடை, முனையிலுள்ள பாஸ்பேட்டை நீக்கும் ஃபாஸ்ஃபடேஸில் போட்டிருந்தால் ஆலிகோவுக்குப் பாஸ்பேட் ஏற்றியே ஆக வேண்டும். இரண்டிலும் பாஸ்பேட் இல்லையென்றால் லைகேஸ் என்ற ஒட்டு என்சைம் எதை ஒட்டும்? இன்னொன்று: ஜே23119க்குள் என்ஹெச்இ-1 என்ற டிஎன்ஏ வெட்டும் என்சைம் வெட்டும் இடம் இரண்டு உண்டு. அந்த என்சைமைப் பிறகு பயன்படுத்துவதாக இருந்தால் இப்போதே கவனியுங்கள்.

கேள்வி: வெவ்வேறு வலிமையில் பத்துப் பதினைந்து ப்ரொமோட்டர் வேண்டும். ஒவ்வொன்றாக வடிவமைப்பதா?

பதில்: இரண்டு பெட்டிகளையும் அப்படியே வைத்து, நடுவில் உள்ள 17 இடத்திலும் எந்த எழுத்தும் வரலாம் என்று ஒரே ஆலிகோவாக ஆர்டர் செய்யுங்கள். எதிர் இழையை டிஎன்ஏ பாலிமரேஸால் நிரப்பிக்கொள்ளலாம். ஜென்சன், ஹேமர் என்ற ஆய்வாளர்கள் 1998இல் லாக்டோகாக்கஸ் என்ற பாக்டீரியாவில் இதைக் காட்டினார்கள்: பெட்டிகள் மாறாமல் இடைவெளி எழுத்துகள் மட்டும் மாறியதில் வலிமை 400 மடங்குவரை வேறுபட்டது. இடைவெளி என்றால் வெற்றிடம் என்று நினைப்பவர்களுக்கு நான் முதலில் சொல்வது இதைத்தான்.

கேள்வி: ஜிஎஃப்பிக்கு நன்றாக ஓடிய ப்ரொமோட்டர் என் ஜீனுக்கு மந்தமாக இருக்கிறதே அக்கா?

பதில்: ஆர்என்ஏவின் தொடக்கத் துண்டு ப்ரொமோட்டரிலிருந்தே வருகிறது. அது உங்கள் ஜீனில், புரதம் செய்யும் ரைபோசோம் பிடிக்கும் இடத்தோடு மடிந்துகொள்ளலாம். நடுவே ரைபோஜே என்ற துண்டை வையுங்கள். தன்னைத் தானே வெட்டிக்கொண்டு அந்தத் துண்டை உதிர்த்துவிடும். அளக்கும்போது ஒப்பீட்டுக்காக ஜே23101ஐயும் அதே தட்டில், அதே நாளில் வளர்த்து, அதற்கு எத்தனை பங்கு என்று எழுதுங்கள். நேற்றைய எண்ணை இன்றைய எண்ணோடு அப்படியே ஒப்பிடாதீர்கள்.